சுற்றுச்சூழல் துறையில் படிக்க உதவித்தொகை: எங்கே தேடுவது, எப்போது தொடங்குவது?

பச்சையம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். சுற்றுச்சூழல் அறிவியல் இளங்கலை, இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதுகலை முடித்து இதே துறையில் வேலைக்குப் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டில் இப்போதைய கட்டணத்தையே சிரமப்பட்டுத்தான் கட்டுகிறார்கள். அதற்கு மேல் கேட்க மனம் வரவில்லை.

இணையத்தில் தேடினால் நூறு உதவித்தொகை, இருநூறு உதவித்தொகை என்று பட்டியல்கள் வருகின்றன. உள்ளே போனால் பல எப்போதோ நின்றுபோனவை. மிச்சத்தில் பெரும்பாலானவை ஏதோ ஒரு நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். இந்த வழியில் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள். இளங்கலையிலேயே கிடைக்குமா, முதுகலைக்குத்தான் கிடைக்குமா? தேர்வுக் குழு எதைப் பார்க்கிறது? என் மதிப்பெண் சராசரிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நீர் பக்கம் போவதா, கடல் உயிரியல் பக்கம் போவதா என்பதும் இன்னும் முடிவாகவில்லை.

மழைமானி

தம்பி, முதலில் தேடும் சொல்லை மாற்றுங்கள். "சுற்றுச்சூழல் உதவித்தொகை" என்று தேடினால் எல்லோருக்கும் கிடைக்கும் அதே நாலு பெயர்கள்தான் வரும். இந்தத் துறைக்கான பணம் வேறு பெயர்களில் சிதறிக் கிடக்கிறது. குடிநீர், கழிவுநீர், நிலத்தடி நீர், வானிலை, மீன்வளம், சதுப்புநிலம், திடக்கழிவு, மண், காடு என்று தொழிலின் பெயரால் தேடுங்கள்.

தொழில்முறைச் சங்கங்களின் பக்கங்களை மாணவர்கள் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அமெரிக்க வானிலையியல் கழகம் இளங்கலைக்கும் முதுகலைக்கும் தனித்தனியாகத் தருகிறது. காற்று மற்றும் கழிவு மேலாண்மைச் சங்கம் காற்று மாசு, கழிவு பற்றி ஆராயும் மேற்படிப்பு மாணவர்களுக்குத் தருகிறது. திடக்கழிவுக்கென்றே அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளை இருக்கிறது. குப்பைக் கிடங்கிலிருந்து கசியும் நீரையும் மீத்தேனையும் பற்றி ஆராய்பவர்களுக்கு அது நிதி கொடுக்கிறது. புலி, திமிங்கிலம் என்றால் விண்ணப்பங்கள் குவியும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்றால் அந்தக் கூட்டம் இருப்பதில்லை. வேலையும் அங்கேதான் அதிகம்.

இன்னொன்று. ரோட்டரி அமைப்பு 2021 ஜூலையிலிருந்து சுற்றுச்சூழலைத் தன் ஏழாவது கவனத் துறையாகச் சேர்த்துக்கொண்டது. தண்ணீரும் சுகாதாரமும் அதற்கு முன்பே அதன் பட்டியலில் உண்டு. அதன் உலகளாவிய மானியம் குறைந்தது 30,000 டாலர். அதை முதுகலை, முனைவர் படிப்புக்கும் பயன்படுத்தலாம். நீங்களே நேராக விண்ணப்பிக்க முடியாது. உங்கள் பக்கம் ஒரு ரோட்டரி சங்கமும் படிக்கப்போகும் நாட்டில் ஒரு ரோட்டரி சங்கமும் சேர்ந்து முன்மொழிய வேண்டும். அதனால் ஓராண்டுக்கு முன்பே அவர்களோடு பேசத் தொடங்குவது நல்லது.

ஆற்றுமணல்

> இளங்கலையிலேயே கிடைக்குமா

கிடைக்கும், ஆனால் நாட்டைப் பொறுத்தது. அதிகம் பேசப்படும் இரண்டும் அமெரிக்காவில் இருக்கின்றன.

ஒன்று யூடால். அரிசோனாவின் மக்களவை உறுப்பினர் மோரிஸ் யூடால், 1961 முதல் 1969 வரை உள்துறைச் செயலராக இருந்த அவருடைய அண்ணன் ஸ்டூவர்ட் யூடால் ஆகிய இருவர் பெயரையும் தாங்கிய அறக்கட்டளை இதை நடத்துகிறது. 1992-இல் அமெரிக்க நாடாளுமன்றமே உருவாக்கிய அறக்கட்டளை அது. இளங்கலை இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் போட்டியிடலாம். கல்லூரி உங்களை முன்மொழிய வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியல்தான் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொருளாதாரமோ இதழியலோ படிப்பவரும் அந்தத் துறையில் உழைக்கப் போகிறவர் என்று காட்டினால் போதும்.

இன்னொன்று அமெரிக்கக் கடல் மற்றும் வளிமண்டல நிறுவனமான நோவாவின் ஹாலிங்ஸ் உதவித்தொகை. ஆண்டுக்கு 9,500 டாலர் வரை, இரண்டு ஆண்டுகள். நடுவில் வரும் கோடையில் நோவாவின் ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ பத்து வாரம் சம்பளத்துடன் பயிற்சி. என் கணக்கில் அந்தப் பத்து வாரம்தான் பணத்தை விடப் பெரியது. கடலா, நீரா, வானிலையா என்று முடிவெடுக்க முடியாத மாணவருக்கு அப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்வதை விட நல்ல வழி இருக்க முடியாது.

யூடாலில் அமெரிக்கக் குடிமக்களோடு நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும் போட்டியிடலாம். ஹாலிங்ஸ் குடிமக்களுக்கு மட்டும்.

பச்சையம்

இரண்டும் எனக்குப் பொருந்தாது ஆற்றுமணல் அண்ணா. ஆனாலும் நன்றி. வேறு நாட்டு மாணவர்களுக்குத் திறந்திருப்பவை ஏதாவது?

ஆற்றுமணல்

பொருந்தாவிட்டாலும் யூடாலின் கட்டுரைக் கேள்வியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யூடால் சகோதரர்களில் ஒருவருடைய பேச்சையோ, சட்டத்தையோ, கொள்கை அறிக்கையையோ எடுத்துக்கொண்டு, அது உங்கள் ஆர்வத்தோடும் எதிர்காலத் திட்டத்தோடும் எப்படித் தொடர்புபடுகிறது என்று 800 சொற்களில் எழுதச் சொல்வார்கள். உங்கள் நாட்டின் நீர்ச் சட்டத்தையோ கடற்கரை விதிகளையோ அந்த இடத்தில் வைத்து எழுதிப் பாருங்கள். ஒரு சட்டத்தை முழுதாகப் படித்து, அது எங்கே வேலை செய்கிறது, எங்கே செய்யவில்லை என்று எழுதத் தெரிந்த மாணவர் எந்தத் தேர்வுக் குழுவின் முன்னும் தனித்துத் தெரிவார்.

கழிமுகம்

பச்சையம், உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் கடல் வளம் பற்றிய எராஸ்மஸ் முண்டஸ் முதுகலை முடித்தவள்.

எராஸ்மஸ் முண்டஸ் என்பது ஐரோப்பிய ஒன்றிய நிதியில் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் முதுகலை. எந்த நாட்டவருக்கும் திறந்திருக்கிறது. உதவித்தொகை கிடைத்தால் கல்விக்கட்டணம் இல்லை. மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். பயணம், விசா, வீட்டு வாடகை எல்லாவற்றையும் அதற்குள்தான் சமாளிக்க வேண்டும். குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பீர்கள். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் கடல் உயிரின வளப் படிப்பு, சுற்றுச்சூழல் கொள்கைக்கு மெஸ்பாம் என்ற படிப்பு, நிலத்தடி நீரும் காலநிலை மாற்றமும் பற்றி நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பங்கேற்கும் ஒரு படிப்பு என்று உங்கள் இரண்டு ஆசைக்கும் இடம் இருக்கிறது. எந்தப் படிப்புக்கு எந்த ஆண்டு நிதி இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் வெளியிடும் அந்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பம் எழுத உட்கார வேண்டும்.

உங்களுக்கு இது முக்கியம்: இளங்கலை இறுதியாண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். வேலை அனுபவம் பொதுவாகக் கட்டாயம் இல்லை. இங்கே பலர் முட்டிக்கொள்வது பிரிட்டன் அரசின் செவெனிங் உதவித்தொகை, ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் போன்றவற்றில். செவெனிங்குக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள், அதாவது சுமார் இரண்டு ஆண்டுகள். டாட் அமைப்பின் வளரும் நாடுகளுக்கான முதுகலைத் திட்டத்திலும் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். அதோடு, கடைசிப் பட்டம் வாங்கிப் பொதுவாக ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஆக, பட்டம் வாங்கியதும் வேலைக்குப் போனால், இரண்டாம் ஆண்டு முடிவிலிருந்து ஆறாம் ஆண்டுக்குள் டாட்டின் கதவு திறந்திருக்கிறது. பலர் இது தெரியாமல் இறுதியாண்டில் செவெனிங்குக்கு எழுதி நிராகரிப்பு வாங்கி, தனக்குத் தகுதியே இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். தகுதி இல்லாமல் இல்லை, காலம்தான் வரவில்லை.

தாழை

கழிமுகம் சொன்னது சரி. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் பேசவில்லை. உதவித்தொகை பெறும் அளவுக்கு அனுபவம் காட்ட வேண்டும் என்றால் களப்பணி வேண்டும். எங்கள் துறையில், குறிப்பாக வனவிலங்குப் பாதுகாப்பில், தொடக்க நிலைக் களப்பணியில் பெரும்பங்கு சம்பளம் இல்லாமல்தான் இருக்கிறது. சில இடங்களில் பயிற்சிக்கு மாணவரே பணம் கட்டச் சொல்கிறார்கள். மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் காட்டில் இருக்க யாரால் முடியும்? வீட்டில் வசதி உள்ளவரால் முடியும். பிறகு அந்த அனுபவத்தை வைத்து உதவித்தொகையையும் அவரே வாங்குகிறார். காட்டோரத்திலும் கடலோரத்திலும் வாழும் குடும்பத்துப் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள். இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன், இது மாறியதாகத் தெரியவில்லை.

மழைமானி

தாழை சொல்வதை ஏற்கிறேன். ஒரு மாற்று வழி இருக்கிறது, முழுத் தீர்வு இல்லை. வேறொருவர் ஆய்வில் சம்பளம் இல்லாமல் சேர்வதை விட, சொந்தமாக ஒரு சிறு ஆய்வுக்கு நிதி கேட்கலாம். பிரிட்டனின் ரஃபர்ட் அறக்கட்டளை வளரும் நாடுகளில் இயற்கைப் பாதுகாப்புத் திட்டங்களுக்குச் சிறு மானியம் தருகிறது. தனியாளும் கேட்கலாம். கல்விக்கட்டணத்துக்கு அந்தப் பணம் கிடையாது, களச் செலவுக்குத்தான். குழுவாகச் செய்வதானால் இளம் இயற்கைப் பாதுகாப்பாளர்களுக்காக 1985-இல் தொடங்கிய பாதுகாப்புத் தலைமைத் திட்டம் (Conservation Leadership Programme) இருக்கிறது. இவற்றில் ஒன்று கிடைத்துவிட்டால் அடுத்த விண்ணப்பத்தில் அதுவே பெரிய சான்று.

பச்சையம்

தாழை அக்கா, நீங்கள் சொன்னது என் நிலைமைதான். விடுமுறையில் வேலைக்குப் போனால்தான் அடுத்த பருவக் கட்டணத்தில் ஒரு பகுதியாவது கட்ட முடியும். களப்பயிற்சிக்கு இதுவரை போகவே இல்லை. அப்படியானால் எனக்கு எழுத எதுவும் இல்லையா?

வரப்பு

இருக்கிறது. நான் ஒரு சிறிய கல்வி அறக்கட்டளையின் தேர்வுக் குழுவில் இருக்கிறேன், பெயர் வேண்டாம். எங்களுக்கு வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை "சிறு வயதிலிருந்தே இயற்கையை நேசிக்கிறேன்" என்று தொடங்கும். அடுத்த பத்தியில் காலநிலை மாற்றம் மனித குலத்தின் மிகப் பெரிய சவால் என்று வரும். இரண்டும் உண்மை. ஆனால் எழுதியவரைப் பற்றி இரண்டிலும் எதுவுமே தெரியவில்லை.

ஒரு மாணவர் எப்படி எழுதலாம் என்று ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன், இது கற்பனை. தங்கள் பகுதிக் கிணறுகளில் நைட்ரேட் அளவு பார்க்கிறார். கல்லூரி ஆய்வகக் கருவி போதும், பயணம் தேவையில்லை, வார இறுதியில் செய்யலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். எந்தக் கிணறுகளில் அது தாண்டுகிறது, அவற்றுக்குப் பக்கத்தில் உரமிடும் வயலா, கழிவறைக் குழியா, மழைக்குப் பிறகு கூடுகிறதா குறைகிறதா என்று குறித்து வைக்கிறார். பிறகு அதை யாரிடம் கொண்டுபோனார், அவர்கள் என்ன சொன்னார்கள், அதன் பிறகு இவர் என்ன செய்தார் என்று எழுதுகிறார். முடிவு தோல்வியாக இருந்தாலும் பரவாயில்லை. இந்தக் கட்டுரையைப் படித்தால் இவருக்கு முதுகலையில் நீரியல் எதற்காக வேண்டும் என்பது எங்களுக்கே புரிந்துவிடும். "எனக்கு ஏன் தர வேண்டும்" என்று அவர் தனியாக வாதாட வேண்டியதில்லை.

வேலைக்குப் போய்க் கட்டணம் கட்டுவதையும் எழுதுங்கள் பச்சையம். இரக்கம் தேடி எழுத வேண்டாம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, அதோடு படிப்பு எப்படி நடக்கிறது என்று நேராக எழுதுங்கள். மதிப்பெண் சராசரிக்குக் கொஞ்சம் மேல் இருப்பதற்கான காரணமும் அதிலேயே விளங்கும். எங்கள் குழுவில் இதைக் கணக்கில் எடுக்காதவர் யாரும் இல்லை.

பரிந்துரைக் கடிதம் பற்றியும் ஒரு வார்த்தை. துறைத்தலைவர் கையெழுத்திட்ட நாலு வரிக் கடிதத்தை விட, உங்களை ஆய்வகத்தில் பக்கத்தில் இருந்து பார்த்த இளம் விரிவுரையாளர் எழுதும் ஒரு பக்கக் கடிதம் பல மடங்கு பலமானது. பதவியைப் பார்த்துக் கேட்காதீர்கள்.

நிலவரைபடம்

நல்ல இழை. ஒரு எச்சரிக்கை: விண்ணப்பக் கட்டணம், "செயலாக்கக் கட்டணம்", "உங்களுக்கு இடம் உறுதி" என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். மேலே பேசிய யூடால், ஹாலிங்ஸ், எராஸ்மஸ், செவெனிங் எதுவும் உதவித்தொகை விண்ணப்பத்துக்குப் பணம் கேட்பதில்லை.

வேலிப்பருத்தி

வெளியிலிருந்து கிடைக்கும் உதவித்தொகையால் கையில் ஒன்றுமே கூடாமல் போகலாம், இது பலருக்குத் தெரியாது. கல்லூரியே உங்களுக்கு ஆண்டுக்கு 6,000 உதவி தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அலைந்து எழுதி வெளியில் 3,000 வாங்குகிறீர்கள். கல்லூரி "உங்கள் தேவை குறைந்துவிட்டது" என்று தன் உதவியை 3,000 ஆக்கிவிடுகிறது. உழைத்தது நீங்கள், மிச்சம் பிடித்தது கல்லூரி. அமெரிக்காவில் இது பரவலாக நடந்து, பெரிய பிரச்சினையாகப் பேசப்பட்டது. 2017-இல் மேரிலாந்து மாநிலம்தான் முதன்முதலாக அரசுக் கல்லூரிகளில் இதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. பிறகு வேறு சில மாநிலங்களும் அந்த வழியில் வந்தன. பல இடங்களில் இன்னும் அப்படிச் சட்டம் இல்லை.

அதனால் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும்: வெளியிலிருந்து பணம் வந்தால் எதைக் குறைப்பீர்கள், கடனையா, மானியத்தையா? கடனைக் குறைப்பார்கள் என்றால் உங்களுக்கு லாபம். மானியத்தைக் குறைப்பார்கள் என்றால், பணம் தரும் அமைப்பிடம் தொகையை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்க முடியுமா, கட்டணத்துக்குப் பதில் களச் செலவு, புத்தகம், கணினி என்று மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். சிறிய அறக்கட்டளைகளில் இதற்குச் சம்மதிப்பவர்கள் இருக்கிறார்கள், கேட்டால்தான் தெரியும். வரியையும் பாருங்கள். அமெரிக்காவில் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போகும் பகுதிக்கு வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்குப் போகும் பகுதி வருமானமாகக் கணக்காகும்.

தாழை

இதையும் கேட்டுவிடுகிறேன். எண்ணெய் நிறுவனமோ சுரங்க நிறுவனமோ தரும் உதவித்தொகையை சுற்றுச்சூழல் படிக்கும் மாணவர் வாங்கலாமா? நான் வாங்க மாட்டேன். அந்தப் பணத்துக்கு ஈடாக நம் முகத்தை அவர்கள் விளம்பரத்தில் போடுகிறார்கள். எது நடந்தாலும் "நாங்கள் இளைஞர்களுக்குப் படிப்பு கொடுக்கிறோம்" என்று சொல்ல நாம் உதவுகிறோம்.

வரப்பு

தாழை, உங்கள் உணர்வை மதிக்கிறேன், ஆனால் ஒத்துப்போக முடியவில்லை. வேறு வழி உள்ளவர் மறுக்கலாம். ஒரே வாய்ப்பு அதுதான் என்று நிற்கும் மாணவரிடம் வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. எண்ணெயில் வந்த செல்வமும் மாறியிருக்கிறது: ராக்ஃபெல்லர் சகோதரர்கள் நிதியம் எண்ணெயில் பிறந்த பணம், 2014-இல் அதுவே புதைபடிவ எரிபொருள் முதலீடுகளிலிருந்து விலகுவதாக அறிவித்தது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதோடு ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஆய்வு முடிவை வெளியிட அவர்கள் அனுமதி வேண்டுமா? படித்து முடித்ததும் அங்கே வேலை செய்ய வேண்டுமா? உங்கள் பெயரையும் படத்தையும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாமா? முதல் கேள்விக்கு ஆம் என்றால் நானும் வேண்டாம் என்பேன்.

தாழை

வெளியிட அனுமதி பற்றிய அந்த வரியை ஏற்கிறேன். மற்றதில் என் நிலை அதேதான்.

கழிமுகம்

ஒப்பந்தம் என்றதும் ஒன்று. செவெனிங் வாங்கினால் படிப்பு முடிந்ததும் குறைந்தது இரண்டு ஆண்டு சொந்த நாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் போகிறவர்களுக்கும் விசா விதியாகவே இரண்டு ஆண்டு நிபந்தனை உண்டு. எராஸ்மஸில் அப்படிக் கிடையாது. சிலர் இதைத் தண்டனை போலப் பேசுகிறார்கள். நீர், காடு, கடற்கரை எல்லாமே இடம் சார்ந்த துறைகள். கற்றதை நன்கு தெரிந்த மண்ணில் செய்து பார்க்க இரண்டு ஆண்டு என்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் கையெழுத்திடும் முன் தெரிந்திருக்க வேண்டும்.

மழைமானி

முனைவர் படிப்பு வரை யோசிப்பவர்களுக்கு: அங்கே "உதவித்தொகை" என்று தேடுவதை நிறுத்திவிட்டு "வேலை வாய்ப்பு" என்று தேடுங்கள். ஐரோப்பாவின் பல நாடுகளில் முனைவர் இடம் சம்பளம் தரும் பணியாகவே விளம்பரமாகிறது. கனடாவில் ஆய்வு வழி முதுகலைக்கே பேராசிரியர் தன் ஆய்வு நிதியிலிருந்து மாதத்தொகை தருவது வழக்கம். அங்கே முதலில் பேராசிரியருக்கு மின்னஞ்சல், பிறகுதான் விண்ணப்பம். மின்னஞ்சலில் அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, அதிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள்.

பச்சையம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கிணற்று நீர் ஆய்வைக் கற்பனையாக இல்லாமல் நிஜமாகவே செய்யப்போகிறேன். ஆய்வகப் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டேன், வார இறுதியில் நிறமானி (நிறத்தை வைத்து நைட்ரேட் அளவு பார்க்கும் கருவி) தரச் சம்மதித்தார். இறுதியாண்டில் எராஸ்மஸ், கிடைக்காவிட்டால் வேலைக்குப் போய் இரண்டு ஆண்டு கழித்து டாட் என்று வைத்திருக்கிறேன். பரிந்துரைக் கடிதம் எப்போது கேட்க வேண்டும், கூட என்ன கொடுக்க வேண்டும்?

வரப்பு

கடைசித் தேதிக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பு. தன்விவரக் குறிப்பு, கட்டுரையின் வரைவு, எந்தெந்த இடத்துக்கு எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்ற பட்டியல் மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் கொடுங்கள். எராஸ்மஸ் படிப்புகளில் பல அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் மூடிவிடும். ஆகவே இறுதியாண்டு தொடங்கும்போதே கடிதம் கையில் இருக்க வேண்டும். கிணற்று அளவீடுகளைத் தேதி, நேரம், கடைசியாக மழை பெய்த நாள் மூன்றும் சேர்த்துக் குறித்து வையுங்கள், ஒரு வருடம் முழுக்க. முதல் மூன்று மாத அட்டவணை தயாரானதும் இங்கே போடுங்கள், நானும் மழைமானியும் பார்த்துச் சொல்கிறோம்.